குடித்தனக்காரனின் கடிகாரம்

வெல்பி குடா
4 மே 2023

லீத்,

தொலைபேசியை நீ எடுக்கமாட்டாய். அதனால் எழுதுகிறேன். "இனிமே எங்கிட்ட எதுவா இருந்தாலும் எழுத்துல வரணும். வாயால சொன்னா இந்த ஊரு மென்னு துப்பிடும்" என்று வண்டியில் சாமான் ஏற்றும்போது சொன்னாய். நானும் அந்த ஊர்க்காரிதான் என்பதை மறந்துவிட்டாய் போல. பரவாயில்லை.

கடல் மீட்பு நிலையத்து வானொலி அறையில் குடித்தனக்காரன் தகராறு செய்கிறான். வீட்டுக்காரர் நன்றாகத்தான் இருக்கிறார், அந்தப் பளபளப்பான புதுக் கணினி. உள்ளே நீ குடிவைத்தாயே பழையவன், அவன்தான் வாரத்துக்கு ஒரு முறை உறைந்துபோகிறான். திரை அப்படியே நிற்கும். மவுஸை எவ்வளவு ஆட்டினாலும் அசையாது. போன செவ்வாய் நான்கு படகுகள் வெளியே இருந்தபோது நின்றுவிட்டான். முழுக்க அணைத்துவிட்டுப் போட்டேன், அரைமணி நேரம் கழித்து எழுந்தான். அதுவரை படகுகளின் பெயரைக் கையில் பேனாவால் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை கழுவின பிறகும் டாலஸ் கெஸ்ஸலின் பெயர் போகவில்லை. அவனிடம் சொன்னதற்கு, "என் பொண்டாட்டியே எம் பேரைக் கையில எழுதினதில்ல கண்ணு" என்கிறான். நாற்பத்தொரு வயதுக்காரன், அறுபத்தாறு வயதுக்காரியைக் கண்ணு என்கிறான். ஊர் முழுக்கக் கேட்கிற அலைவரிசையில்.

நீ ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா? தங்க என் வீட்டில் அறை இருக்கிறது. கெல்வின் ஷிர்மர் உன்னைக் கூப்பிடமாட்டார். நிலையத் தலைவர் ஆயிற்றே. "வெர்னா, அந்த ப்ரொபசருக்குக் கடுதாசி போடப் போறியாமே. போடு, போடு. பதில் வந்தா அதுக்கு ஒரு அகராதியும் வாங்கிக்க" என்றார். நான் கூப்பிடுகிறேன்.

வெர்னா


பீட்டர்பரோ
12 மே 2023

வெர்னாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் வரமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான்கு ஆண்டுகள் அந்த அறையில் சம்பளம் இல்லாமல் உழைத்தேன். உறைந்துபோவதாகச் சொல்கிறீர்களே, அது உறையும் என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான்தான். நினைவிருக்கும். படகுகளைக் கண்காணிக்கும் அந்த நிரலை எழுதியவர் செத்துப்போய்விட்டார். அது ஓடக்கூடிய இயங்குதளத்தை அதைச் செய்தவர்களே கைகழுவி இருபது ஆண்டுகள் ஆகப் போகின்றன. நன்கொடையாக வந்த புதுக் கணினியோ அந்தப் பழைய இயங்குதளத்தை வாசற்படி ஏறவிடாது. எனவே புதிய கணினிக்குள் ஒரு பொய்க் கணினியைக் கட்டி, பழையதை அதற்குள் இருத்தி, நீ உன் பழைய வீட்டில்தான் இருக்கிறாய் என்று அதை நம்பவைத்தேன். நான்கு மாத வேலை. இது தற்காலிக ஏற்பாடு, புதிய நிரல் வாங்குங்கள் என்று கெஞ்சினேன். "ஓடுதில்ல? ஓடுற குதிரைக்கு எதுக்கு வைத்தியம்" என்றார் கெல்வின். எல்லோரும் சிரித்தீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உறைந்தால் செய்ய வேண்டியது இது. குடித்தனக்காரனின் சாளரத்தை மட்டும் மூடுங்கள், வீட்டுக்காரரை அணைக்க வேண்டாம். மூடினதும் ஒரு பட்டியல் தெரியும். அதில் 'நல்ல நிலை' என்று நான் பெயரிட்டு வைத்திருப்பது இருக்கும். அது ஒரு நாள் காலையில், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது, அவனை அப்படியே பிடித்துப் பத்திரப்படுத்தியது. அதைத் தேர்ந்தெடுத்து 'மீட்டெடு' என்பதை அழுத்துங்கள். ஒரு நிமிடத்தில் அவன் அந்தக் காலையில் இருந்தபடியே எழுந்திருப்பான். அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆகவே அந்த நேரத்தில் கடலில் இருக்கும் படகுகள் அத்தனையையும், திரும்பும் நேரத்தோடு, மறுபடி பதிய வேண்டும். இதை விட்டுவிட்டால் ஆள் செத்துப்போவான். இரண்டு முறை படியுங்கள்.

நான் எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். தெரியாதவர்கள் தொட்டுத் தொட்டுத்தான் அந்த அறையில் பாதி வேலை எனக்கு வந்தது.

லீத் வார்கோ


வெல்பி குடா
29 மே 2023

லீத்,

உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவிட்டேன். கெல்வினைப் பற்றின பகுதியை மட்டும் மடித்து. போன ஞாயிறு நண்பகல் குடித்தனக்காரன் மறுபடி உறைந்தான். கடலில் ஒருவரும் இல்லை, காற்று அப்படி. நீ சொன்னபடியே செய்தேன். கண் திறந்தான். அதற்குப் பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை. ரொட்டிக்கடையில் உனக்கு என் சார்பில் ஜாம் வைத்த ஒரு கிச்சனர் பன், நேரில் வந்தால்.

இன்னொன்று. அவனுடைய திரை மூலையில் இருக்கும் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆறு மணி நேரம் பின்னால் நிற்கிறது. எழுதியதைத் தவிர எதையும் தொடாதே என்றாய், நானும் தொடவில்லை. அது அப்படித்தான் இருக்குமா? ஒரு வரி எழுதிவிடு.

ஆட்கள் குறைந்துவிட்டதால் குளிர்காலம் முழுக்க மதியம் இரண்டு மணிக்கே அறையைப் பூட்டிவிடுகிறோம். பிறகு திரும்புகிறவர்கள் தொலைபேசியில் தங்கள் படகு எண்ணை அழுத்தினால் குடித்தனக்காரன் பெயரை எடுத்துவிடுகிறான். எடுக்காமல் நேரம் தாண்டினால் என் கைபேசிக்கு மணி அடிப்பான். நீ செய்து வைத்ததுதான், உனக்குத் தெரியாததா. இதுவரை ஒரு மணியும் இல்லை. எல்லோரும் ஒழுங்காக வந்து சேருகிறார்கள்.

செய்தி என்றால், கெல்வின் படகுத் துறைக்குப் பின்னால் இறைச்சி வாட்டுகிற கொட்டகை கட்டிவிட்டார். சனிக்கிழமை திறப்பு விழா. தொத்திறைச்சி பாதி கரி, பாதி பச்சை. அப்புறம் வானொலி அறையில் ஒரு பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். கணினியை நன்கொடையாகக் கொடுத்த அவருடைய மருமகனின் குளிர்பதன நிறுவனத்துக்கு நன்றி என்று. உன் பெயர் இல்லை. நான் கேட்டேன். "அவன் பேரு எத்தனை எழுத்துன்னு தெரியல, பித்தளை பத்தல" என்றார். இதை உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். வேறு யாராவது சொல்வதற்கு நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

டாலஸ் இந்த வாரத்திலிருந்து தனியாக மாளிகையில் இருக்கிறானாம். அவன் மனைவி லொரெல் தன் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக அடிலெய்ட் போயிருக்கிறாள், ஜூன் கடைசிவரை அங்கேதான். "பீன்ஸ் டப்பாவை எப்படித் தொறக்கறதுன்னு வானொலியில ஒரு வகுப்பு எடேன் கண்ணு" என்கிறான்.

வெர்னா


பீட்டர்பரோ
5 ஜூன் 2023

வெர்னாவுக்கு,

பித்தளை பற்றவில்லையா. நல்லது.

என் பெயர் ஆங்கிலத்தில் பத்து எழுத்து. அவருடைய மருமகனின் நிறுவனப் பெயரை எண்ணிப் பாருங்கள். அந்த மருமகன் கொடுத்த கணினி எங்கள் வேலைக்கு ஒவ்வாதது. கிடங்கில் தூசி தின்றுகொண்டிருந்ததைக் கொடுத்து வரிச்சலுகை வாங்கிக்கொண்டார். ஒவ்வாததை ஒவ்வவைத்தவன் நான். ஒரு சவத்தை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசவைப்பது போன்ற வேலை அது. அதைச் செய்ய இந்த மாநிலத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கெல்வினைக் கேளுங்கள். அவருக்குக் கொட்டகை கட்டத் தெரியும். அதிலும் இறைச்சி வேகவில்லை என்கிறீர்கள்.

புதிய நிரலுக்கு நான் கேட்டது அந்தக் கொட்டகைக்கு ஆனதில் பாதி இருக்குமா? இருக்காது. அன்று கூட்டத்தில் "பாதுகாப்புதான் நமக்கு முதல்" என்று பேசிவிட்டு, அடுத்த தீர்மானமாகக் கொட்டகையைக் கொண்டுவந்தார். கை தூக்கியவர்கள் அத்தனை பேரின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. டாலஸ் கெஸ்ஸலும் தூக்கினான், சிரித்துக்கொண்டே.

கல்லூரியிலும் இதுவே நடந்தது. பதினெட்டு ஆண்டுகள் கணினியியல் கற்பித்தேன். துறையை மூடுகிறபோது நன்றி சொன்ன உரையில் துறைத்தலைவர் என் பெயரைக் கீத் என்று சொன்னார். திருத்த யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அன்று எழுந்திருக்காமல் போனதற்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை, மற்றவர்களை மன்னிப்பது எப்படி.

பலகையைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் அந்த ஊரைப் பற்றி ஏதாவது நல்லதாக நினைத்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் கடிதத்தில் பதில் சொல்ல வேண்டியதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

லீத் வார்கோ


வெல்பி குடா
24 ஜூன் 2023

லீத்,

இதற்குள் செய்தித்தாளில் பார்த்திருப்பாய். டாலஸ் கெஸ்ஸல் போய்விட்டான்.

பதினான்காம் தேதி, புதன்கிழமை. காலையில் கணவாய் மீன் பிடிக்கப் போனான், தனியாக. "நாலு மணிக்கு வந்துடுவேன் கண்ணு, வழக்கம்போல" என்றான். நாலு என்று பதிந்தேன். திரும்பப் படித்தும் பார்த்தேன். இரண்டு மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. மணி அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்றால் வந்துவிட்டான் என்று அர்த்தம். நான் சூப் வைத்துக் குடித்தேன், தொலைக்காட்சி பார்த்தேன். பத்து மணிக்குக் கைபேசி அடித்தது. டாலஸ் கெஸ்ஸல், நேரம் தாண்டிவிட்டது, நாலு மணி.

உடனே எல்லோரையும் எழுப்பினேன். விடிந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பாறைக்கு வெளியே ஒரு பெரிய அலை படகைப் புரட்டிவிட்டிருக்கிறது. அபாயச் சைகை அனுப்பும் கருவி படகோடு போய்விட்டது. அவன் மிதவைச் சட்டை போட்டிருந்தான். முகத்தில் ஒரு காயம்கூட இல்லை. குளிர்தான். இரவு எட்டு, ஒன்பது வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொல்கிறார். அதை லொரெலிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காவல்துறை கணினியை எடுத்துப்போய்விட்டது. நகரத்திலிருந்து வந்த ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, நிரலில் பழுது இல்லை, கொடுத்த நேரத்துக்குச் சரியாக அடித்திருக்கிறது என்றாராம். அப்படியென்றால் கொடுத்தவள் தப்பு. ஊருக்கு அவ்வளவு போதும். பத்து என்று போட்டுவிட்டேன் என்கிறார்கள். தூங்கிவிட்டேன் என்கிறார்கள். ரொட்டிக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுபோகிறது. நான் வெளியே வந்து கதவு மூடுவதற்குள் ஒருத்தி, "அறுபத்தாறு வயசுல எதுக்கு இந்த வேலை, பேரன் பேத்தியப் பாத்துக்கிட்டு இருக்கலாமில்ல" என்கிறாள். எனக்குப் பேரன் பேத்தி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

லீத், அந்தக் கடிகாரம். ஆறு மணி நேரம் பின்னால் நின்றதே. நாலும் ஆறும் பத்து. நான் உன்னிடம் கேட்டிருந்தேன்.

வெர்னா


பீட்டர்பரோ
3 ஜூலை 2023

வெர்னாவுக்கு,

டாலஸ் கெஸ்ஸலின் மரணத்துக்கு வருந்துகிறேன். எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் யாருக்கும் இப்படி நேரக்கூடாது.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்திரப்படுத்திய நிலைக்கு மீட்டெடுக்கும்போது உள்ளே இருப்பவனுக்கு அந்தக் காலை அப்படியே தொடரும். அவனை நான் பிடித்துவைத்தது காலை ஆறு மணிக்கு. நீங்கள் எழுப்பியது நண்பகலில். அவனைப் பொறுத்தவரை அப்போது மணி ஆறுதான். அதிலிருந்து அவன் ஒரு நொடிகூடப் பிசகாமல் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். அவனுடைய நாலு மணிக்கு அவன் மணி அடித்தான். நகரத்து ஆள் சொன்னது உண்மை. நிரலில் பழுது இல்லை.

பொதுவாக வெளியே இருக்கும் கணினி உள்ளே இருப்பவனின் கடிகாரத்தைத் தானே திருத்தும். அந்த இணைப்பை நான்தான் துண்டித்து வைத்திருந்தேன். காரணம் உண்டு. கடிகாரம் திடீரென முன்னால் தாவினால் இந்தக் கிழட்டு நிரல் எல்லாப் படகும் நேரம் தாண்டிவிட்டதாக எண்ணி, மணி அடித்து, உறைந்துபோகும். ஆகவே மீட்டெடுத்ததும், படகுகளைப் பதிவதற்கு முன், நான் கையால் நேரத்தைத் திருத்திவிடுவேன். மூன்று சொடுக்கு. கை பழகின வேலை. சட்டைப் பொத்தான் போடுவதை யாரும் எழுதிவைப்பதில்லை. உங்களுக்கு எழுதியபோது அது என் நினைவில் வரவில்லை.

ஆனால் இதன் வேர் எங்கே என்று பாருங்கள். முறையான நிரல் வாங்கியிருந்தால் குடித்தனக்காரனே தேவைப்பட்டிருக்கமாட்டான். நான் எழுந்து நின்று சொன்னேன். சிரித்தார்கள். டாலஸும் சிரித்தான், கொட்டகைக்குக் கை தூக்கினான். இறந்தவனைக் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். அன்று கை தூக்கிய இருபத்தாறு பேரும் சேர்ந்துதான் அவனைக் கடலில் விட்டார்கள். கெல்வின் முதலாவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு எதையும் தொடாதீர்கள் என்று நான் எழுதியது பொதுவான எச்சரிக்கை. கண்ணெதிரே ஒரு கடிகாரம் தவறாக ஓடுகிறது என்றால் அதற்கென்று ஒரு பொது அறிவு இருக்கிறது.

லீத் வார்கோ


வெல்பி குடா
20 அக்டோபர் 2023

லீத்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பிறகு விட்டுவிட்டேன். பொது அறிவு என்ற வார்த்தையைத் தாண்டிப் போக இவ்வளவு நாள் ஆயிற்று.

நீ எனக்கு நிறைய விளக்கினாய். நான் கேட்டேன் என்று எழுதியிருந்தேனே, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ என் கடிதத்தைப் படித்தாய். பலகையைப் படித்தாய், பித்தளையைப் படித்தாய், தொத்திறைச்சி வேகாததைக்கூடப் படித்தாய். அவற்றுக்கு நடுவில்தான் அந்த வரி இருந்தது. உன் பதில் வந்த நாளில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கடிகாரத்தைப் பற்றி இல்லை. சரி, லீத் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். உன்னை நம்பினேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். நீ அந்தப் பதிலை எழுதி ஒன்பது நாள் கழித்து டாலஸ் போனான்.

மறந்தாயா, விட்டாயா? எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மரண விசாரணை மார்ச்சில். கெல்வின் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், அதுவே புதிது. "வெர்னா, வார்கோ பேரை இதுல இழுக்க வேணாம். அவன் வந்தா கூட்டத்துல நடந்ததெல்லாம் சொல்லுவான். காப்பீட்டுக்காரன் நம்மள விடமாட்டான், நிலையத்தையே மூடிடுவாங்க. உனக்கு வயசாச்சு, தெரியாம நடந்துபோச்சுன்னு சொன்னா ஒருத்தரும் உன்ன ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றார். "ஒருத்தரும் ஒண்ணும் பண்ணலையா கெல்வின்? நான் வானொலியில இருக்கற அன்னைக்கு ஒரு படகும் பேர் சொல்றதில்ல. மறுநாள் வேற ஆள் வர்றவரைக்கும் கடலுக்கே போகாம இருக்கானுங்க" என்றேன். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. பழியை நீ எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. கடிகாரத்தை நான் பார்த்தேன், திருத்தவில்லை. அது என்னுடையது, நான் சொல்லத்தான் போகிறேன். உன்னிடம் வேண்டுவது ஒன்றே ஒன்று. வந்து, அவள் என்னிடம் கேட்டாள் என்று சொல். நான் கவனமில்லாமல் இருக்கவில்லை, கேட்டேன் என்று லொரெல் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சொன்னால் கிழவி சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். நீ சொன்னால் உண்மை.

வெர்னா


பீட்டர்பரோ
6 நவம்பர் 2023

வெர்னாவுக்கு,

என் பெயரை இழுக்க வேண்டாம் என்று கெல்வின் சொன்னாரா? தொப்பியைக் கழற்றிக்கொண்டா?

முதலில் வரவேண்டாம் என்றுதான் இருந்தேன். நீதிமன்றத்தில் ஏறி நின்றால் என்னைக் கொண்டே என் கழுத்துக்குக் கயிறு திரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இணைப்பைத் துண்டித்தவன் நான், எழுதாமல் விட்டவன் நான். வாயை மூடிக்கொண்டு இங்கேயே இருப்பது எனக்கு நல்லது. ஆனால் அதுவேதான் கெல்வினுக்கும் நல்லது என்று நீங்கள் எழுதிய பிறகு இங்கே என்னால் உட்கார முடியவில்லை. நான் மௌனமாக இருந்து அந்த மனிதருக்கு உதவியதாக இருக்கக்கூடாது.

வருகிறேன். விசாரணை அலுவலருக்கு இன்றே எழுதிவிட்டேன். கூட்டத்தின் தேதி, தீர்மானம், யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது, எல்லாம் என்னிடம் இருக்கிறது. நடந்த அனைத்தையும் சொல்வேன். உங்களைத் தூங்கினவள் என்றும் தப்பாகப் பதிந்தவள் என்றும் இனி ஒருவரும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் தங்கவில்லை. விடுதியில் இடம் சொல்லிவிட்டேன். சாட்சிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள்.

லீத் வார்கோ


வெல்பி குடா
22 மார்ச் 2024

லீத்,

வியாழக்கிழமை நீ பின்வாசல் வழியாகப் போய்விட்டாய். உன்னைப் பார்க்க முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நீ நன்றாகப் பேசினாய். ஒரு மணி நேரத்துக்கு மேல். பொய்க் கணினியை எப்படிக் கட்டினாய், கடிகார இணைப்பை ஏன் துண்டித்தாய், எனக்கு எழுதினதில் எது விட்டுப்போயிற்று, ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்காக உன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்போல இருந்தது. கெல்வினைப் பற்றி நீ சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. கொட்டகைத் தீர்மானத்தை நீ படித்தபோது அவர் கழுத்து சிவந்துபோயிற்று. நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. மூடட்டும்.

முந்தின நாள் நான் பேசினேன். நீ அறையில் இல்லை, ஆனால் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன், மே மாதக் கடைசியில் லீத் வார்கோவுக்கு எழுதிக் கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை என்று சத்தியம் செய்து சொன்னேன். லொரெல் முதல் வரிசையில் இருந்தாள். ஒன்பது மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் அந்த வழக்கறிஞர் பெண் உன்னைக் கேட்டாள். "மிஸ்டர் வார்கோ, கடிகாரம் தப்பா ஓடுதுன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

நீ தண்ணீர் குடித்தாய். பிறகு "இல்ல" என்றாய்.

"மிஸஸ் நோஸ்கி எழுதிக் கேட்டதா சொல்றாங்களே."

"அவங்க எழுதினாங்க. கொட்டகை, பலகை, ஊர்க்கதை எல்லாம் இருந்துச்சு. கடிகாரம் இல்ல. இருந்திருந்தா அன்னைக்கே போன் போட்டுச் சொல்லியிருப்பேன், உயிர் சமாசாரம்."

"அந்தக் கடிதம் உங்ககிட்ட இருக்கா?"

"நான் கடிதங்களை வெச்சுக்கறதில்ல."

நீ. கல்லூரித் துறைத்தலைவர் உன் பெயரைத் தப்பாகச் சொன்ன உரையின் அச்சுப்பிரதியைச் சட்டம் போட்டு வைத்திருப்பவன். அதை எனக்கு ஒரு முறை காட்டினாய்.

நீ எழுதின பதிலை வழக்கறிஞரிடம் கொடுத்தேன். அவள் அதை நீதிமன்றத்தில் வாசித்தாள். அதில் கெல்வின் இருந்தார், பித்தளை இருந்தது, கீத் இருந்தார். என் கேள்வி இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. வாசித்து முடித்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

மறந்தாயா விட்டாயா என்று கேட்டிருந்தேன். மறந்துதான் இருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது. வேண்டுமென்றே விட்டிருந்தால் இல்லை என்று சொல்ல உனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. உன்னைப் பற்றி நினைக்க எனக்கு இருக்கும் நல்ல விஷயம் இது ஒன்றுதான். வைத்துக்கொள்.

வெளியே கார்கள் நிற்கிற இடத்துக்கு லொரெல் வந்தாள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப மெதுவாகத்தான் பேசினாள்.

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன் வெர்னா. வயசானவங்க, தூங்கிட்டாங்கன்னு. டாலஸே பொறுத்திருப்பாரு. கேட்டேன்னு பொய் ஏன் சொன்னீங்க?"

பையில் உன் கடிதங்கள் இருந்தன, நீதிமன்றம் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தவை. கையை உள்ளே விட்டேன். ஒன்றிலும் அவளிடம் காட்ட ஒரு வரி இல்லை என்று தெரிந்தேதான் விட்டேன்.

அவள் காத்திருந்தாள். காற்றில் முடி முகத்தில் விழுந்ததை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, உண்மையிலேயே பதில் வேண்டும் என்பதுபோல நின்றாள். என் கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்ததும் போய்விட்டாள்.

வெர்னா நோஸ்கி